காட்டுக்கு நடுவே ஒரு சாலை வேண்டுமென்றால்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி இது.

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்து ஊர் செம்மநத்தம். இதைப் போன்ற மலையூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். அவர்கள் கேரளத்தவர் அல்லர், பேசுவது தமிழ். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே எஸ்டேட்டுகளும் பங்களாக்களும் வந்தன. ஆனால் காட்டோரத்து ஊர்க்காரர்கள் சாலையோ குடிநீர்க் குழாயோ கேட்டால், “அது ஃபாரஸ்ட் இடமாச்சே” என்ற பதில் குறுக்கே நிற்கும்.

அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிட வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை என 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது அது. நிபந்தனை மூன்று. ஒவ்வொரு வசதிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும்.

1 ஹெக்டேரில் என்ன கிடைக்கும்? அது 10,000 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வரும். மலைச்சரிவில் மண்ணை வெட்டி, தடுப்புச் சுவர் கட்டி, வடிகாலும் விட வேண்டும் என்பதால் தூரம் இன்னும் குறையும். ஆனாலும், பிரசவ வலி எடுத்தவரைத் தொட்டில் கட்டித் தூக்கிப் போகும் ஓர் ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் சாலைகூடப் பெரிய விஷயம்.

மரங்களுக்கு வரம்பு வைத்ததும் ஊரின் நன்மைக்குத்தான். சரிவில் மரம் போனால் மழையில் மண் போகும், ஊற்று வற்றும். சாலை வந்து தண்ணீர் போய்விட்டால் அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

இனி நடைமுறை. கிராமசபைத் தீர்மானத்தோடு விண்ணப்பம் வனச்சரக அலுவலரிடம் போகும். அவர் இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார். முடிவெடுப்பவர் மாவட்ட வன அலுவலர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு தீர்மானிக்கும். ஆக, காகிதம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, மாவட்டத்துக்குள்ளேயே முடியும்.

எல்லாவற்றுக்கும் ஆணிவேர் அந்தக் கிராமசபைதான். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வன உரிமைக்காகக் கூடும் கிராமசபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? வந்தால் அன்றைய கூலி போகும். வேலை விட்டு வந்தபின் மாலையில் கூட்டினால் பழம் பறிப்பவர்களும் வருவார்கள். தண்ணீர் சுமப்பவரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவரும் உட்கார்ந்து பேசினால்தான், முதலில் வேண்டியது சாலையா, குழாயா, அங்கன்வாடியா என்பது தெரியவரும்.

ஆகவே தீர்மானத்தில் “சாலை வேண்டும்” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மரம் என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு வந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலை ஊரிலேயே பத்திரமாக வையுங்கள். கேட்கும் உரிமையைச் சட்டம் மலையூர்க்காரர் கையில் கொடுத்திருக்கிறது. அதைச் சலுகைபோலக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.