வெள்ளை விளக்கு

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது சாமராஜநகரில் மகன் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, பச்சை என்றால் போ. என் பிழைப்பே இந்த மூன்று நிறங்களில்தான் ஓடியது.

இந்த ஊரிலோ மஞ்சள் வயலில் விளைகிறது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் கௌரி பண்டிகைக்கு 'அரிசின குங்குமா' வாங்கிக்கொள்ள அழைக்கிறார். தண்டவாளத்தில் எச்சரிக்கையும் ஆபத்துமாக இருந்த நிறங்கள் தாம்பாளத்தில் மங்கலமாகிவிடுகின்றன!

சிவப்புக்குக் கண்ணைச் சட்டென்று இழுக்கும் குணம் உண்டு. அலைநீளம் அதிகம் என்பதால் காற்றில் குறைவாகவே சிதறும். ஆனால் அதைக் கண்டு பயப்படுவதா, மகிழ்வதா என்பதைப் பழக்கம்தான் தீர்மானிக்கிறது. சீன மரபில் மணப்பெண்ணுக்குச் சிவப்பு, துக்கத்துக்கு வெள்ளை. 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடையில் மணந்துகொண்ட பிறகு, மேல்நாடுகளில் வெள்ளை கல்யாண நிறமாகப் பரவியது. நம் வீடுகளில் அதே வெள்ளை கைம்பெண்ணுக்கு.

என் அக்காவுக்கு இருபத்தெட்டு வயதில் அத்தான் தவறிவிட்டார். பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைப் புடவை வாங்கிப் போனவன் நான்தான். எங்களோடு இருக்கும் அவளுக்கு இப்போது எழுபத்திரண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் குங்குமச் சிமிழோடு வந்தால், சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஆரம்ப கால பிரிட்டிஷ் ரயில்வேயில் வெள்ளை விளக்குக்குத்தான் 'போகலாம்' என்று பொருள், பச்சை எச்சரிக்கை. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் வெள்ளை ஒளி தெரியும்; டிரைவர் நிற்காமல் போய்விடுவார். வீட்டு விளக்குகளோடும் குழப்பம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பச்சையையே 'போகலாம்' ஆக்கினார்கள். கெடுதல் என்று தெரிந்ததும் விதியை மாற்றினார்கள்.

இதை அக்காவிடம் சொன்னேன். "உன் சிக்னலும் நானும் ஒண்ணாடா?" என்று சிரித்தாள். பேத்தி ஓர் இளநீலப் புடவையை அவள் மடியில் வைத்தாள். மூன்று நாள் அது பீரோவிலேயே கிடந்தது. நாலாம் நாள் உடுத்திக்கொண்டு வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "சென்னாகிதே" என்றார். அக்கா உள்ளே போகவில்லை.

நாற்பத்து நான்கு வருடம் தாமதம். வண்டி இவ்வளவு தாமதமானால் ரயில்வேயில் விளக்கம் கேட்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.