பெயர் சொன்னால் நிறம் வரும்

புடவைக் கடையில் "கிளிப்பச்சையில் காட்டுங்க" என்றால் போதும். கடைக்காரரின் கை சரியான அடுக்குக்குப் போய்விடும். புள்ளியியல் வரைபடங்களுக்குப் பயன்படும் ஆர் நிரல்மொழியும் அப்படித்தான்: பெயரைச் சொன்னால் நிறத்தைத் தரும்.

1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய மொழி இது. இதற்கு 657 நிறப்பெயர்கள் தெரியும். 'கலர்ஸ்' என்று கட்டளையிட்டால் பட்டியல் முழுவதும் திரையில் வரும்: தக்காளி, கோதுமை, சாக்லேட், சால்மன் மீன் என்று ஒரு சந்தையே அதில் இருக்கிறது. பெரும்பாலான பெயர்கள், யுனிக்ஸ் கணினிகளின் எக்ஸ்11 சாளர அமைப்பிலிருந்து வந்தவை.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு, பச்சை, நீல ஒளி எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரை அவை குறிக்கும். 'ஸ்டீல்புளூ' என்பது 70, 130, 180. எண்களாகவே எழுதினால் 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்குமேல் கிடைக்கும். ஆனால் மழையளவுக் கோட்டுக்கு 'ஸ்டீல்புளூ' என்று எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து நிரலைத் திறப்பவருக்கும் அந்த நீலம் மனக்கண்ணில் தெரியும். எண்களைப் படித்தால் அப்படித் தெரியாது.

பல பெயர்களோடு 1 முதல் 4 வரை எண் சேர்க்கலாம். எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும். சாம்பல் மட்டும் 0 என்ற கறுப்பிலிருந்து 100 என்ற வெள்ளை வரை 101 படிகளில் ஏறும். அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் இரண்டையும் மொழி ஏற்பதால் ஒவ்வொரு சாம்பலுக்கும் இரண்டு பெயர். ஒரே நிறத்தைக் குறிக்கும் இத்தகைய கூடுதல் பெயர்கள் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சும் நிறங்கள் 502.

ஓர் எச்சரிக்கை: ஆர் மொழியில் 'கிரீன்' என்றால் கண்ணைப் பறிக்கும் பச்சை; அதன் பச்சை அளவு 255. இணையப் பக்கங்களில் அதே பெயருக்கு 128தான். இரண்டு இடத்திலும் ஒரே நிறம் வேண்டுமானால் எண்களையே தருவது நல்லது.

பெயர் வேறு என்பதாலேயே நிறம் வேறாகத் தெரிந்துவிடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கும் புரியும்படி ஜப்பானிய அறிவியலாளர்கள் மசடாகா ஒகாபேயும் கெய் இடோவும் ஒரு நிறத்தொகுப்பை உருவாக்கினார்கள். 2020இல் வெளிவந்த ஆர் 4.0 பதிப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அதைவிட எளிய வழியும் உண்டு. சிவப்பு, பச்சைக் கோடுகளை ஆரஞ்சாகவும் நீலமாகவும் மாற்ற, நிரலில் இரண்டு சொற்களைத் திருத்தினாலே போதும்.