கூலி ஏறியது, பை நிறையவில்லை!

ஆரணிப் பட்டுச் சேலை நாடறிந்தது. அதை நெய்கிறவரின் வீட்டுக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு சேலைக்கு 2,000 ரூபாயாக இருந்த கூலி 3,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். பழைய கூலியை 100 என்றால், புதுக் கூலி 150. சந்தோஷம்தான்! ஆனால் அதற்குள் அரிசி, பருப்பு, வாடகை எல்லாம் சேர்ந்து 100-லிருந்து 160 ஆகிவிட்டால்? 150-ஐ 160-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். 94கூட வராது. கையில் நோட்டு அதிகம். பையில் சாமான் குறைவு.

இந்த 160 போன்றதுதான் விலைவாசிக் குறியீட்டு எண். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையைப் பல ஊர்களில் திரட்டி, மத்திய அரசின் லேபர் பீரோ மாதந்தோறும் இதை வெளியிடுகிறது. தீப்பெட்டி விலை இரட்டித்தால் குடும்பம் தாங்கும்; அரிசி விலை இரட்டித்தால் தாங்குமா? அதனால் 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில், உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் நூற்றுக்கு 39 பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

1960-ல் 100 ஆக இருந்த எண், 2016-ல் 6,500-ஐத் தாண்டியது. அன்று ஒரு ரூபாய்க்கு வாங்கியதற்கு 65 ரூபாய்க்கு மேல் வேண்டும்!

இந்த எண் ஏறினால் மத்திய அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறும். நெசவாளிக்கோ சேலைக் கணக்கில் கூலி. அது தானாக ஏறாது. பேசித்தான் வாங்க வேண்டும். அந்தக் கூலியும் ஒருவர் உழைப்புக்கு அல்ல. தார் சுற்றும் மனைவியின் உழைப்பும் அதற்குள்ளேதான். ஒரு பாவு தீர்ந்து, அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நின்றால், அந்த நாட்களுக்குக் கூலியே இல்லை.