ஆகாயத்தில் குன்னூர்க் காற்று

ஒரு ரொட்டித் துண்டின் மேல் எவ்வளவு இறைச்சி வைக்கலாம்? 1958ஆம் ஆண்டில் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் இந்தக் கேள்விக்காகப் பஞ்சாயத்து வைத்தன. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் எகானமி வகுப்பு அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. கட்டணத்தை ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் நிர்ணயித்தது. அதற்குக் கீழே எவரும் விற்க முடியாது. குறைந்த கட்டணப் பயணிக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்பதையும் சங்கமே சொல்லிவிட்டது. சாண்ட்விச், அதுவும் எளியதாக, ஆறியதாக, மலிவாக இருக்க வேண்டும். ஸ்கேண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் தன் ஊர் வழக்கப்படி ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் வகைவகையாக அடுக்கி, அதையும் சாண்ட்விச் என்றே பரிமாறியது. பான் ஆம் நிறுவனம் புகார் கொடுத்தது. விசாரணை நடந்தது. எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்டியது.

விலையில் மோத வழியில்லாதபோது தட்டில் மோதினார்கள். ஒரு விமான நிறுவனத்தை உயர்தரமானது என்று நம் மனம் மதிப்பதும், மறுமுறையும் அதையே தேடுவதும் எப்படி நிகழ்கின்றன என்று துருவிப் போனால், வணிகக் கணக்கைவிட உடலியலும் உளவியலும்தான் அதிகம் கைக்குக் கிடைக்கின்றன.

தட்டில் மோதுவதில் தேர்ந்த நிறுவனம் ஒன்று 1972இல் பிறந்தது. மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது மலேசியாவின் பங்குக்குக் கோலாலம்பூர், பினாங்கு, கூச்சிங் என்று உள்நாட்டு ஊர்கள் இருந்தன. சிங்கப்பூருக்கோ உள்நாட்டில் பறந்து இறங்க ஓர் ஊர்கூடக் கிடையாது. ஏறினால் அயல்நாட்டில்தான் இறங்க வேண்டும். போகிற ஊரிலெல்லாம் பழைய, பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே காலூன்றியிருந்தன. நாட்டின் பெருமைக்காக நஷ்டத்தில் ஓட்டப்போவதில்லை, லாபம் ஈட்டியாக வேண்டும் என்பது பிரதமர் லீ குவான் யூ அரசின் நிலைப்பாடு. பிறர் நாட்டுப் பயணிகளின் மனத்தைப் பிடித்தாக வேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அப்போது ஐயாட்டாவுக்கு வெளியே நின்றது. அதனால் சங்கத்தின் கட்டுப்பாடுகள் அதற்குப் பொருந்தவில்லை. மற்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஹெட்போனை அது இலவசமாகக் கொடுத்தது. எகானமி பயணிக்கும் பானங்கள் இலவசம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடமும் ‘உங்களுக்கு எது வேண்டும்?’ என்று கேட்டதுதான் அந்த நிறுவனம் செய்த பெரிய காரியம் என்பேன். பாரிசின் பியர் பால்மெய்ன் வடிவமைத்த, பணிப்பெண்கள் அணியும் சரோங் கெபாயா உடையின் புகழெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் உடையும் புன்னகையும் கண்ணில் படுபவை. பயணியின் உடலுக்கு நடப்பது கண்ணில் படாது. 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு. அந்தக் காற்றில் மனிதர் சில நிமிடங்கள்கூட நினைவோடு இருக்க முடியாது. அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். கடல்மட்ட அழுத்தம்வரை அல்ல; 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான். உதகமண்டலம் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். 8,000 அடி என்பது இரண்டுக்கும் நடுவே, 2,438 மீட்டர். சென்னையில் விமானம் ஏறியவர் அரை மணி நேரத்துக்குள் உதகையைத் தாண்டி மேலே போய்விடுகிறார். அங்கேயே பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதனால் என்ன ஆகிறது? 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 502 பேரை அழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் 20 மணி நேரம் உட்கார வைத்தார்கள். எந்த உயரத்தின் அழுத்தத்தில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. 8,000 அடியில் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 4 சதவீதப் புள்ளிகளுக்குச் சற்று மேல் குறைந்தது. மலையேறிகளுக்கு வரும் நோய் யாருக்கும் கூடுதலாக வரவில்லை. ஆனால் 7,000, 8,000 அடியில் இருந்தவர்களுக்கு மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்குள் இன்னதென்று சொல்லத் தெரியாத ஓர் அசௌகரியம் கூடியது. நீண்ட பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’ என்கிறோமே, அதில் ஒரு பகுதி இதுதான்.

அப்படியானால் காற்றை இன்னும் அழுத்தி நிரப்பினால் என்ன? தடை உலோகத்தில் இருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் உப்பி, இறங்கியதும் சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது அலுமினியம் களைத்துப்போய் நுண்ணிய வெடிப்பு விடும். 1954இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறி உலகுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தன. 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787, 2015இல் வந்த ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் உடலோ பெரும்பகுதி கார்பன் இழைக் கலவையால் ஆனது. அது அழுத்தத்துக்கு அவ்வளவு எளிதில் களைப்பதில்லை. ஆகவே கேபினை 6,000 அடி அளவில் வைத்துக்கொள்ள முடிகிறது. நம் கணக்கில் சொன்னால் அது குன்னூரின் உயரம். உலோகம் அரிக்கப்படும் அச்சம் குறைவதால் காற்றில் கொஞ்சம் ஈரமும் விடலாம். வழக்கமான கேபின் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய சலுகை அல்ல.

என்னை மிகவும் வியக்க வைக்கும் இடம் இது. முதல் வகுப்புக்கும் எகானமிக்கும் நடுவே திரை போடலாம். காற்றழுத்தத்துக்குத் திரை போட முடியாது. விமானத்தில் உடலுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உயர்தர வசதி, வகுப்பு பிரித்து விற்க முடியாத ஒன்றாக இருக்கிறது.

உணவுக்கு வருவோம். விமானத்தில் சமையல் சப்பென்று இருக்கிறது என்று சமையற்காரரைத் திட்டுகிறோம். ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்துக்கு ஒரு புதிர் இருந்தது: தரையில் அதிகம் பேர் சீண்டாத தக்காளிச் சாறு, ஆகாயத்தில் பீர் அளவுக்குச் செலவாகிறது. மியூனிக் அருகே ஹோல்ட்ஸ்கிர்ஷனில் உள்ள ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையம் விமான உடலின் ஒரு பகுதியை அழுத்த அறைக்குள் வைத்து, இரைச்சல், அதிர்வு, வறண்ட காற்று எல்லாவற்றையும் உண்டாக்கி, ஆட்களை உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுத்தது. உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இனிப்பு 15 முதல் 20 சதவீதம். வறண்ட மூக்கு மணத்தைப் பிடிக்கத் திணறுகிறது. மணம் போனால் சுவையில் பாதி போயிற்று. புளிப்பும் கசப்பும் காரமும் பெரிதாக அசையவில்லை. இதற்குப் பின் 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், விமானக் கேபின் அளவுக்கு இரைச்சலைக் காதில் கேட்கச் செய்தபோது இனிப்பு மங்கியது. தக்காளியிலும் காளானிலும் உள்ள உமாமிச் சுவை தூக்கலாகத் தெரிந்தது. காதில் விழும் ஒலி நாக்கின் தீர்ப்பை மாற்றுகிறது!

தக்காளியும் புளியும் மிளகும் சேர்ந்த நம் ரசம் ஆகாயத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று இதைப் படித்தபோது தோன்றியது. உப்பைக் கூட்டுவதைவிட நல்ல வழி அது.

இப்படி உடல் பட்டதையெல்லாம் மனம் அப்படியே ஏட்டில் எழுதி வைப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கையை 14 பாகைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரை மெல்ல ஒரு பாகை மட்டும் சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். வலி மொத்தத்தில் அதிகம். ஆனால் முடிவு இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன, அதன் நீளம் அவ்வளவாகத் தங்குவதில்லை என்பது அவர்கள் கண்டது.

அதே எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தை 1980களில் நடத்திய யான் கார்ல்சன் இதை வேறு வழியில் கண்டிருந்தார். தம் பயணி ஒவ்வொருவரும் ஓர் ஆண்டில் சுமார் ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார், ஒவ்வொரு சந்திப்பும் சராசரி 15 விநாடி என்று கணக்குப் போட்டு, அந்த 15 விநாடியில் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கவுண்டரில் நிற்கும் ஊழியருக்கே கொடுத்தார். விமானம் தாமதமாகும்போது, பெட்டி வராதபோது, எதிரில் நிற்கும் மனிதர் என்ன சொன்னார் என்பது வருடக்கணக்கில் மறப்பதில்லை. பல நிறுவனங்கள் இருக்கைத் தோலுக்குச் செலவிடும் அக்கறையைப் பெட்டிகள் வரும் பட்டைக்குப் பக்கத்தில் காட்டுவதில்லை. பயணம் முடிவது அங்கேதான்.

இதுவரை சொன்னது பிரியத்தால் வரும் விசுவாசம். இன்னொரு வகை இருக்கிறது. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. விலைகள் சரிந்தன; பயணிகள் மலிவான டிக்கெட்டைத் தேடித் தாவினார்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் மைல்களைக் கணக்கில் சேர்த்து இலவச டிக்கெட் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் தொடங்கியது.

இது பிடித்துக்கொண்டதற்கான காரணம் எலிகளிடம் முன்பே தெரிந்தது. 1930களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர், உணவை நெருங்க நெருங்க எலி வேகமாக ஓடுவதைக் கவனித்தார். 2006இல் நியூன்ஸ், ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கார் கழுவும் கடை ஒன்றில் அட்டைகள் கொடுத்தார்கள். ஒரு வகையில் 8 முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம். இன்னொன்றில் 10 வேண்டும், ஆனால் 2 முத்திரை முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தது. இரண்டிலும் சேர்க்க வேண்டியது எட்டுதான். முதல் அட்டையை 19 சதவீதம் பேர் நிறைவு செய்தார்கள். இரண்டாவதை 34 சதவீதம் பேர். கிளம்பிவிட்டோம் என்ற எண்ணமே கால்களை ஓட வைக்கிறது. புதிய உறுப்பினருக்கு விமான நிறுவனம் வரவேற்பு மைல்கள் தருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த மைல்களை வங்கிகள் மொத்தமாக வாங்கித் தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது யுனைடெட் கடனுக்கு ஈடாக வைத்தது தன் மைல் திட்டத்தை. அப்போது அந்தத் திட்டத்துக்குக் கணக்கிட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் மொத்த நிறுவனத்தின் மதிப்பே அதைவிடக் குறைவாக இருந்தது.

இரண்டு வகை விசுவாசமும் ஒரே ஆளிடம் எதிரெதிரே இழுப்பதுண்டு. மைல்களைக் காப்பாற்றிக்கொள்ள, பிடிக்காத நிறுவனத்திலேயே, வசதியில்லாத நேரத்தில், சுற்றுவழியில் பறப்பவர்கள் எத்தனையோ பேர். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். இலவச டிக்கெட் உண்மையான பணம். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்க எழுபது வயதில் கடல் கடந்து போகும் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது மட்டும், மைல் எண்ணைப் பதியும் கட்டத்துக்கு முன்னால் ஒரு வரியைப் பாருங்கள். அநேகமாக எல்லா முன்பதிவுத் தளங்களிலும் பயண நேரத்துக்கு அடுத்துச் சிறிய எழுத்தில் விமானத்தின் வகை இருக்கும். அங்கே 787 அல்லது ஏ350 என்று இருந்தால், அம்மா எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பத்து மணி நேரமும் குன்னூர்க் காற்று கிடைக்கும். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் டிக்கெட் எடுங்கள். எந்த விமானம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.