கட்டப் புதிரும் கரைசல் வடிவமும்

புரதப் படிகத்தின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் அவை சிதறி ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதிவாகின்றன. அப்புள்ளிகளின் செறிவை அளக்க முடிகிறதே தவிர, சிதறிய அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்தியோ பிந்தியோ வந்தன என்னும் 'கட்டம்' பதிவாவதில்லை. இரண்டும் கிடைத்தாலன்றி அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட இயலாது.

சில அணுக்கள் எக்ஸ் கதிரைச் சற்றே முறைமாறிச் சிதறடிப்பதைக் கொண்டு கட்டத்தைக் கணிக்கும் வழியொன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956இல் வகுத்தனர். அதே இயல்பைக் கந்தக அணுக்களில் பயன்படுத்தி ஹெண்ட்ரிக்சனும் டீட்டரும் 1981இல் கிராம்பின் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டனர். முட்டைக்கோசுக்கு உறவான செடியொன்றின் விதையில் உள்ள இச்சிறு புரதத்தில் 46 அமினோ அமிலங்களே உண்டு.

மற்றொரு வழி மூலக்கூறு மாற்றீடு: ஒத்த வடிவுடைய புரதம் முன்பே தெரிந்திருந்தால், அதைக் கணினியில் சுழற்றியும் நகர்த்தியும் படிகத்திற்குள் பொருத்தி, அதன் கட்டத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அத்தகைய உறவுப் புரதம் இல்லாதபோதுதான் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர், கைகொடுக்கிறது. கரைசலில் உள்ள புரதத்தை வலிய காந்தப் புலத்தில் வைத்து, அருகருகே அமைந்த ஹைட்ரஜன் அணுக்களின் இடைவெளிகளை மதிப்பிடும் இம்முறை ஒரே வடிவத்தைத் தருவதில்லை. அவ்விடைவெளிகளுக்கு இசைந்த பல மாதிரிகளை ஒரு தொகுப்பாகத் தருகிறது.

இவ்வளவு தளர்வான மாதிரி படிகத்திற்குப் போதுமா என்பதை புரூங்கரும் கூட்டாளிகளும் 1987இல் கிராம்பினைக் கொண்டே சோதித்தனர். அவர்கள் கையாண்டவை கணினியில் உருவாக்கிய என்.எம்.ஆர் தரவுகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாதிரிகளின் முதுகெலும்புச் சங்கிலி உண்மை வடிவிலிருந்து 1.5 முதல் 2.2 ஆங்ஸ்ட்ராம் வரை விலகியிருந்தது (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). எனினும் பல மாதிரிகளின் சுழற்சி முடிவுகளை ஒப்பிட்டபோது சரியான நிலை பிடிபட்டது. மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள பொருத்தமின்மையைக் காட்டும் ஆர் எண்ணும் சீரமைப்பில் 0.43இலிருந்து 0.27ஆக இறங்கியது. சங்கிலியின் ஒரு பகுதியை மட்டும் கொண்டு முயன்றது பலிக்கவில்லை.

1991இல் இன்டர்லூகின்-8 என்னும் புரதத்தின் படிக அமைப்பு மெய்யான என்.எம்.ஆர் மாதிரியைக் கொண்டே தீர்க்கப்பட்டது. சுவையான செய்தி என்னவெனில், இரட்டையாக இணைந்திருக்கும் இப்புரதத்தின் இரு சுருள்களும் கரைசலில் இருந்ததைவிடப் படிகத்தில் நெருங்கியிருந்தன. ஆகவே உதவிய மாதிரியே முடிந்த முடிபு ஆகிவிடாது.

நடைமுறையில் தொகுப்பின் மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை ஒன்றுபடும் உட்பகுதியை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் ஆடும் சங்கிலி வளையங்களை வெட்டிவிடுவர். குறைவான ஆனால் நம்பத்தக்க மாதிரியே முழுமையான ஆனால் ஐயத்திற்குரிய மாதிரியைவிடப் பயன்படுகிறது. 2021க்குப் பின் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரலின் புரத வடிவக் கணிப்புகள் என்.எம்.ஆர் மாதிரிகளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன; நம்பகம் குன்றிய பகுதிகளை வெட்டிவிட்டே அவற்றையும் படிகத்தில் பொருத்துகின்றனர்.