கணினியில் மூப்படைவது எது?

பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு வீட்டுக் கணினியின் ப்ராசஸரைச் சோதித்துப் பாருங்கள். வாங்கிய நாளில் நொடிக்கு எத்தனை கோடிக் கணக்குகளைப் போட்டதோ, அத்தனையையும் அது இன்றும் போடும். சிலிக்கானுக்குள் தேய்வதற்கு ஓர் அச்சு இல்லை, உலர்வதற்கு ஒரு துளி எண்ணெய் இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் ஒருமித்துச் சொல்வது, “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்” என்பதுதான். இரண்டுமே உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வேகம் தேங்கிய கதை

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1992-ல் வெளிவந்த இன்டெல் 486 வரிசையின் ப்ராசஸர் ஒன்று 66 மெகாஹெர்ட்ஸில் துடித்தது. 2002 இறுதியில் பென்டியம் 4 ப்ராசஸர் 3.06 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் துடிப்பு 46 மடங்கு கூடியது. ஐந்து வயதான கணினிக்குச் செலவழிப்பது வீண் என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

அந்த வேகத்துக்கு அடிப்படையான விதியை ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் அதிகரிக்காது என்பது அந்த விதி. 2005-ஐ ஒட்டி அது முறிந்தது. அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசியத் தொடங்கியதால், மின்னழுத்தத்தை மேலும் இறக்க முடியவில்லை. துடிப்பைக் கூட்டினால் வெப்பம் தாங்காது. எனவே ஒரே சிப்பில் பல கோர்களை வைக்கும் பாதைக்குத் தயாரிப்பாளர்கள் திரும்பினார்கள்.

2012-ல் கடையில் கிடைத்த நல்ல டெஸ்க்டாப் ப்ராசஸர் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்றைய உயர்ரக ப்ராசஸர்கள் உச்சத்தில் 5, 6 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. ஒரு துடிப்புக்குள் அதிக வேலையை முடிப்பதாலும், கோர்கள் கூடியதாலும் புதியவை வேகமானவைதான். ஆனால் கடிதம் தட்டவும், வரவு செலவு எழுதவும், பிள்ளைகள் பாடம் பார்க்கவும் வேண்டிய திறன் அந்தப் பழைய சிப்பிடம் இன்றும் மிச்சமிருக்கிறது.

காத்திருப்பின் கணக்கு

பிறகு மந்தம் எங்கிருந்து வருகிறது? காத்திருப்பதிலிருந்து வருகிறது. ப்ராசஸர் தனக்கு வேண்டிய தகவலை முதலில் ரேமில் தேடும். அங்கே இல்லையென்றால் டிஸ்கிடம் கேட்கும். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டி வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில், ரேமில் இருக்கும் தகவல் வந்து சேர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். சுழலும் பாகமில்லாத டிஸ்கான எஸ்.எஸ்.டி.யிலிருந்து வர மூன்று நாளைத் தாண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து வர ஓராண்டுக்கும் மேல்.

இந்த ஓராண்டுக்குக் காரணம் இயந்திர அசைவு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று முடிய 8.3 மில்லிநொடி வேண்டும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும்; பிறகு தேடும் இடம் தனக்குக் கீழே சுழன்று வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்கில் 50 தட்டுகளும், அவற்றில் 50 லட்சம் எழுத்துகளுக்கு இடமும் இருந்தன. ஒரு தகவலை எடுக்க அதற்குச் சராசரியாக 600 மில்லிநொடி பிடித்தது. இன்றைய டிஸ்குக்கு 12 மில்லிநொடி அளவு போதும். கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு பெருகிய காலத்தில் காத்திருப்பு 50 மடங்குதான் குறைந்திருக்கிறது. பொறியாளர்களின் திறமைக்குக் குறைவில்லை; படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் அளவுக்கு நுட்பம் வளர்ந்துவிட்டது. ஆனாலும் எடையுள்ள ஒரு பொருளை நகர்த்தி நிறுத்துவதற்கு இயற்கை கேட்கும் நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ரேம் போதாதபோது நிலைமை இன்னும் மோசமாகிறது. பிரௌசரில் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் ரேமில் இடம் குறைகிறது. இடம் தீர்ந்ததும், இயங்குதளம் ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்கில் தள்ளிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஓராண்டு வேலையாகிறது. ‘ஹாங் ஆகுது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். நாம் பார்க்கும் இணையப் பக்கங்களும் மென்பொருள்களும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துவிட்டன. அன்றைக்குப் போதுமாக இருந்த 4 ஜிபி ரேம் இன்றைக்குப் போதவில்லை. கணினி நேற்று செய்ததையே இன்றும் செய்கிறது. நாம் கேட்பது கூடிவிட்டது.

ஆகவே சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால், தூக்கிப்போட இருந்த கணினி பல வீடுகளில் மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருப்பது, ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம். மின்கடத்தாச் சுவருக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைத்து அது தகவலை நினைவில் கொள்கிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் சேதமாகிறது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவது உண்டு. நாளுக்கு 30 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையை எட்ட 27 ஆண்டுகள் ஆகும்.

உண்மையில் தேய்பவை

சிப்பைச் சுற்றி இருப்பவற்றில்தான் வயது தெரிகிறது. முதலாவது, கெப்பாசிட்டர் என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்தேக்கி. மதர்போர்டிலும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் நிற்கும் சிறு உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் உள்ளே ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக அது உலர்கிறது. 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய இரட்டிப்பு நேரம் வாழும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் ஆகிறது. இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், 25 டிகிரி அறையில் இருக்கும் கணினியைவிட, 38 டிகிரி வெயில் நாளில் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே ஓடும் கணினியின் கெப்பாசிட்டருக்குப் பாதிக்கும் குறைந்த ஆயுள்தான். 2000-களின் தொடக்கத்தில் குறையுள்ள மின்பகுபொருள் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் விற்பனையாகி, ஏராளமான மதர்போர்டுகளில் தலை வீங்கி வெடித்தன. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆன் ஆகவே மறுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இவற்றையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும்தான்.

இரண்டாவது, காற்றின் வழி. ஃபேனிலும் ஹீட் சிங்கின் தகடுகளிலும் தூசி படிந்து அடைத்துக்கொள்கிறது. ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிடுகிறது. சூடு 100 டிகிரியை நெருங்கும்போது ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் கணினி அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடி, மதியத்தில் திணறும் கணினிக்கு வேண்டியது ப்ளோயரும் புதிய பேஸ்டும்தான்.

மூன்றாவது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழைப் பிரௌசர் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தேதி தவறாக இருந்தால் அந்தத் தளங்களைத் திறக்க மறுக்கும். வீட்டில் ‘இன்டர்நெட் வரலை’ என்பார்கள். குறை அந்தச் சிறு பேட்டரியில் இருக்கும்.

நான்காவது, மடிக்கணினியின் லித்தியம் அயனி பேட்டரி. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு சரியத் தொடங்கும். அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பக்கம் புடைத்தாலோ, உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் எழுப்பினால் வேறு எதையும் செய்வதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுங்கள். கணினியில் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாதது அவை மட்டுமே.

விட்டுவிட வேண்டிய நேரம்

புதிது வாங்குவதே சரி என்ற நிலைமைகளும் உண்டு. மதர்போர்டே போய்விட்டால், அதற்குப் பொருந்தும் பழைய போர்டைத் தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும். கிடைத்தாலும் அதுவும் அதே வயதுடையதாக இருக்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதைக் கூட்ட வழியில்லை. இணையக் காணொளிகள் இப்போது விபி9, ஏவி1 போன்ற முறைகளில் சுருக்கப்பட்டு வருகின்றன. அவற்றை விரிப்பதற்கென்று தனிச் சுற்று இல்லாத பழைய ப்ராசஸர், தன் கோர்களைக் கொண்டே எல்லாவற்றையும் விரித்துத் திணறும். வீடியோ எடிட்டிங் போன்ற தொழிலுக்குப் புதிய இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரமே வருமானம். கண்ணாடிக் குழாய் மானிட்டரோடு இன்னும் ஓடும் டெஸ்க்டாப், இன்றைய மடிக்கணினியைவிட 120 வாட் அதிகம் இழுத்தால், நாளுக்கு 4 மணி நேரம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 175 யூனிட் வீணாகும்.

இன்னொரு காரணம் மென்பொருளிலிருந்து வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை ஏற்பதில்லை. முந்தைய நாள்வரை குறையின்றி ஓடிய கோடிக்கணக்கான கணினிகள் ஒரே தேதியில் ‘பழையவை’ ஆயின. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வழி அடைந்துவிடவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ், இந்தக் கணினிகளை இன்றும் ஏற்றுக்கொள்கிறது. பிரௌசர், அலுவலக மென்பொருள், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால் பல குடும்பங்களுக்கு முதல் கணினி கிடைத்தது. அந்த மடிக்கணினிகளில் இன்னும் ஓடக்கூடியவற்றுக்கு லினக்ஸ் பொருத்தமான மறுவாழ்வு.

முடிவெடுக்கும் முறை

ஒரு சிப்பைப் படைக்க எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால் இந்த முடிவை நாம் அவசரத்தில் எடுக்க மாட்டோம். எரிக் வில்லியம்ஸ், ராபர்ட் ஏர்ஸ், மிரியம் ஹெல்லர் ஆகியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, 2 கிராம் எடையுள்ள ஒரு நினைவகச் சிப்பை ஆக்கவும் பயன்படுத்தவும் 1.6 கிலோ எரிபொருளும், 72 கிராம் வேதிப்பொருள்களும், 32 கிலோ நீரும் தேவைப்படுவதாக மதிப்பிட்டது. வீட்டுக் கணினி ஒன்று தன் வாழ்நாளில் செலவிடும் ஆற்றலில் 81 சதவீதம் உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது என்று வில்லியம்ஸ் 2004-ல் கணக்கிட்டார். காரும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடும்போதுதான் அதிகம் செலவழிக்கின்றன. கணினியோ நம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. அதை ஒவ்வோர் ஆண்டு கூடுதலாகப் பயன்படுத்தும்போதும் அந்தச் செலவுக்கு நாம் நியாயம் செய்கிறோம்.

எனவே மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். கெட்டிருப்பது எந்தப் பாகம்? அது தனியாக மாற்றக்கூடியதா? மாற்றினால் இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பாக ஓடும்? பழுதுச் செலவை அந்த ஆண்டுகளால் வகுங்கள். புதிய கணினியின் விலையையும் அது உழைக்கும் ஆண்டுகளால் வகுங்கள். எது குறைவோ அதுவே பொருளாதார விடை. டிஸ்க், ரேம், பேட்டரி, ஃபேன், எஸ்.எம்.பி.எஸ். என்றால் பெரும்பாலும் பழுதுபார்ப்பதே வெல்லும். மதர்போர்டு என்றால் பெரும்பாலும் புதியது வெல்லும்.

புதியதே வாங்கினாலும், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றி மாட்டக்கூடிய மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பழையதில் உயிரோடிருக்கும் ரேம், டிஸ்க், மானிட்டர் ஆகியவை இன்னொரு கணினிக்கு உதவும். மிச்சத்தைக் குப்பையில் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும். 2022-ல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. கடைக்காரரிடம் ‘சிஸ்டம் போச்சு’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘எந்தப் பாகம் போச்சு, பாருங்க’ என்று கேட்பவருக்குப் பணமும் மிஞ்சும், அந்த மின்கழிவு மலையில் ஒரு பெட்டியும் குறையும்.