ரம்பொடையில் பிறந்த பாட்டுக்காரி



சிங்களத்தின் முதல் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்தவர் நம் மலையகத்தில் பிறந்தவர். ரம்பொடையில் 1923இல் பிறந்த டெய்சி ராசம்மா டேனியல்ஸ்தான் பின்னாளில் ருக்மணி தேவி ஆனார். கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவப் பெண்ணான அவருக்குப் பேர் வாங்கித் தந்த முதல் இசைத்தட்டோ, புத்தகயா விகாரையைப் போற்றும் பாட்டு!

தமிழரான எஸ். எம். நாயகம் தயாரித்த அந்த முதல் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’ தமிழ்நாட்டில் படமாகி 1947இல் திரைக்கு வந்தது. அதில் ருக்மணி தேவி நடித்ததோடு சொந்தக் குரலிலும் பாடினார். கடைசி வரை மேடையை விடவில்லை. 1978 அக்டோபரில், மாத்தறை இசை நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் வாகன விபத்தில் காலமானார்.